மெக்சிகோவின் சர்க்கரை மண்டையோடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூவும் சுருளுமாகச் சிங்காரித்த சர்க்கரை மண்டையோட்டுப் படத்தைப் பார்த்ததும் ‘மெக்சிகோவின் ஹாலோவீன்’ என்று எழுதிவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான். பேய் வேடம் போட்டுப் பயமுறுத்தி விளையாடும் ஹாலோவீன் அக்டோபர் 31 இரவோடு முடிந்துவிடும். இந்த மண்டையோடு இடம்பெறும் மெக்சிகோவின் இறந்தோர் நாள் நவம்பர் 1, 2 தேதிகளில் வருகிறது. பெரும்பாலும் முதல் நாள் இறந்த குழந்தைகளுக்கு, மறுநாள் பெரியவர்களுக்கு. அங்கே யாரும் யாரையும் பயமுறுத்துவதில்லை. போனவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வீடு திரும்புகிறார்கள், வருகிறவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது, அவ்வளவுதான்.

மண்டையோட்டை மட்டும் தனியே பிய்த்தெடுத்துப் பார்ப்பது அடுத்த பிழை. ‘ஒஃப்ரெந்தா’ என்னும் படையல் மேடையில்தான் அதற்கு இடம். இறந்தவரின் படம், தண்ணீர், உப்பு, மெழுகுவத்தி, ‘கோபால்’ என்னும் மரப்பிசின் புகை, அவருக்குப் பிடித்த சாப்பாடு, சுற்றிலும் செம்பசூச்சில் பூ. அந்தப் பூ வேறொன்றுமில்லை, மெக்சிகோவிலிருந்து கடல் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்த செண்டுமல்லிதான். நடுவே இருக்கும் மண்டையோட்டின் நெற்றியில் பெரும்பாலும் ஒரு பெயர் இருக்கும். உயிரோடிருக்கும் நண்பரின் பெயரை எழுதி அவருக்கே பரிசளிப்பதும் உண்டு. நம் பக்கத்தில் அபசகுனம் என்று முகம் சுளிப்பார்கள். அங்கே வாங்கியவர் சிரித்துக்கொண்டே கொண்டுபோவார்.

‘அஸ்டெக் காலத்திலிருந்து அப்படியே வருகிறது’ என்று ஒரே வரியில் முடிப்பவர்களும் உண்டு. ஸ்பானியர் வருமுன் அங்கே ஆண்ட அஸ்டெக்குகள் மண்டையோடுகளை அடுக்கி வைத்தது உண்மை. மெக்சிகோ நகரத்தின் அடியில் அப்படியொரு பெரிய அடுக்கை 2015-இல் தோண்டிக் கண்டெடுத்தார்கள். ஆனால் கரும்புச் சர்க்கரை ஸ்பானியர்களோடு வந்தது. சர்க்கரையில் உருவம் வார்க்கும் ‘அல்ஃபெனிக்கே’ கலையும் அவர்கள் வழியாகத்தான் வந்தது. தொலூகா நகரம் இதற்குப் பெயர்போனது. ஈரமாக்கிய களிமண் அச்சின் இரு பாதிகளையும் சேர்த்துக் கட்டி, கொதிக்கும் பாகை ஊற்றுகிறார்கள். ஓரத்தில் பாகு இறுகியதும் நடுவில் மிஞ்சியதைக் கவிழ்த்து வடித்துவிடுகிறார்கள். அச்சைப் பிரித்தால் உள்ளே கூடான வெள்ளை மண்டையோடு. பிறகுதான் வண்ணச் சர்க்கரைக் குழம்பைக் கூம்புத் தாளில் அடைத்துப் புருவமும் பல்லும் இழுப்பது. சவ்வரிசி வடாம் போலத்தான், வானிலை ஈரமாக இருந்தால் காய்வேனா என்று அடம்பிடிக்கும்.

தொப்பி போட்ட எலும்புச் சீமாட்டி கத்ரினாவைப் பழங்கால மரண தேவதை என்று சொல்வதுதான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது. அவள் வயது நூற்றுச் சொச்சம். ஹோசே குவாதலூப்பே போசாதா என்ற அச்சுச் சித்திரக்காரர் 1910-களின் தொடக்கத்தில் செதுக்கிய நையாண்டி அது. தங்கள் பூர்வகுடி வேரை மறைத்து ஐரோப்பியப் பகட்டுக் காட்டியவர்களைக் குத்திக்காட்டியது. அவர் செதுக்கியது தலையும் தொப்பியும்தான். முழு உடலும் உடுப்பும் கொடுத்தவர் ஓவியர் தியேகோ ரிவேரா, 1947-இல் தீட்டிய சுவரோவியத்தில். அதில் அவள் ஒரு பக்கம் போசாதாவோடு கைகோத்தும், மறுபக்கம் சிறுவன் ரிவேராவின் கையைப் பிடித்தும் நிற்கிறாள். கையில் அரிவாளோடு நிற்கும் ‘சாந்தா முயெர்த்தே’, அதாவது ‘புனித மரணம்’, வேறு. அது தனி வழிபாடு, கத்தோலிக்கத் திருச்சபை கண்டிப்பது. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

மெக்சிகோ நகரத்தின் பிரம்மாண்ட ஊர்வலத்தைத் தொன்மையான சடங்கு என்று நம்புவதும் வேண்டாம். 2015-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக அப்படியொரு ஊர்வலம் கற்பனையாகப் படமாக்கப்பட்டது. அடுத்த ஆண்டுதான் நகரம் அதை நிஜமாக்கியது.

கடைசியாக, வாயில் போடும் விஷயம். ஜிகினாத் தாளும் சமிக்கியும் ஒட்டிய சர்க்கரை மண்டையோடு படையலுக்கு வைப்பது, கடிப்பதற்கல்ல. தின்ன ஆசையாக இருந்தால் சாக்லேட்டில் செய்ததையோ, கீரை இனத்து அமராந்த் விதையில் செய்ததையோ கேட்டு வாங்குங்கள். சந்தையில் அவையும் பக்கத்திலேயே இருக்கும்.