பின்லாந்து எம்39 ரைபிள்: எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது?

பின்லாந்து ராணுவத்தின் எம்39 ரைபிளைப் புதிதாகப் பார்ப்பவர்கள் குழலில் 1942 என்று படித்துவிட்டு, ரைபிளே 1942-ல் பிறந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது குழலின் வயது மட்டுமே. எம்39 ரஷ்யாவின் மோசின்-நாகன்ட் ரைபிள் வகையைச் சேர்ந்தது. அந்த வகைக்கான ரிசீவரை, அதாவது குழல் பொருந்தும் நடு உலோக உடலை, பின்லாந்து தயாரித்ததே இல்லை. 1918-ல் ரஷ்யப் படைகளிடம் கைப்பற்றியது, பிறகு வெளிநாடுகளில் வாங்கியது, 1939–40 குளிர்காலப் போரில் கிடைத்தது என்று கையிலிருந்த பழைய ரிசீவர்களில்தான் புதுக் குழலைப் பொருத்தினார்கள்.

முதலில் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளைப் பாகம்) திறந்து, தோட்டா அமரும் அறையிலும் மேகசினிலும் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். அப்புறம் விசையை அழுத்தியபடி போல்ட்டைப் பின்னால் இழுத்து வெளியே எடுங்கள்.

அடுத்து குழலின் பின்முனை. வி.கே.டி. என்றிருந்தால் யுவாஸ்கூலாவில் இருந்த அரசு ரைபிள் ஆலை. சாகோ என்றால் ரீஹிமாக்கி ஊரில் இருந்த சாகோ ஆலை. கட்டத்துக்குள் எஸ்.ஏ. என்பது பின்லாந்து ராணுவத்தின் உடைமை முத்திரை. ஆலையின் பெயராக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனிதான் முக்கியமான வேலை. ரஷ்ய ஆலைகள் தங்கள் பெயரைக் குழலில்தான் அடித்தன. குழலை மாற்றியதும் அந்தச் சான்று போய்விட்டது. மிச்சமிருப்பது ரிசீவரின் வாலுக்கு, அதாவது பின்னால் நீளும் பகுதிக்கு, அடிப்பக்கம். குழலையும் மரக்கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் உலோகப் பட்டைகளைக் கழற்றி, குழலின் மேலுள்ள மேல்கட்டையை எடுத்து, இரண்டு பெரிய திருகுகளையும் கழற்றுங்கள். முன்திருகு அடியிலிருந்து மேலே ஏறும். பின்திருகு வாலின் மேலிருந்து கீழே இறங்கும். திருகின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூட்ரைவர் அவசியம். ரிசீவரை மெல்லத் தூக்குங்கள். கீழே மெல்லிய உலோகத் தகடுகள் இருந்தால், எது எங்கே இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். குறி சுடுவதில் துல்லியம் கூட வேண்டும் என்றுதான் பின்லாந்துக்காரர்கள் அவற்றை வைத்தார்கள்.

வாலடியை எண்ணெய்த் துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். தேய்ந்த முத்திரைகூட நிழல் விழுந்து எழும்பித் தெரியும். சுத்தியல் இருந்தால் ஜார் காலத்து ரஷ்யாவின் துலா ஆலை. வில்லும் அம்பும் இருந்தால் ரஷ்யாவின் இஜெவ்ஸ்க் ஆலை. பக்கத்தில் ஆண்டும் இருக்கும். 1890-களின் ஆண்டு தென்பட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ மட்டும் வேண்டவே வேண்டாம், முத்திரை போனால் போனதுதான்.

சிறு பாகங்களைத் தனித்தனியாகப் பாருங்கள். போல்ட்டின் உடல், தலை, பின்குமிழ் மூன்றும் மூன்று ஆலைகளைச் சேர்ந்தவையாக இருப்பது சகஜம். வட்டத்துக்குள் ஆர் என்ற எழுத்து அமெரிக்காவின் ரெமிங்டன் ஆலையைக் காட்டும். முதல் உலகப் போரில் ஜார் அரசு அங்கே ரைபிள் செய்யச் சொல்லியிருந்தது. முக்கோணத்துக்குள் அம்பு சோவியத் கால இஜெவ்ஸ்க், நட்சத்திரம் சோவியத் கால துலா. மேகசினில் ஹெச்.வி. என்றிருந்தால், தோட்டா சிக்காதபடி பின்லாந்தில் திருத்தியது என்று பொருள்.

கட்டையில் சந்தேகம் குறைவு. கைப்பிடி வளைவுள்ள எம்39 கட்டை பின்லாந்தின் பிர்ச் மரத்தில் செய்தது. முன்பகுதியில் விரல் கோத்தாற்போல ஓர் ஒட்டு தெரியும்.

பார்த்ததையெல்லாம் பாகம், முத்திரை, ஆண்டு என்று நோட்டில் எழுதி முடித்த பிறகே திரும்பப் பூட்டுங்கள். தகடுகளை அதே இடத்தில் வைத்து, இரண்டு திருகுகளையும் முறுக்கிய பின் பட்டைகளை மாட்டலாம்.