விமானம் இறங்கிய அன்றே நெல்லையைச் சுற்றுகிறவர்கள் செய்யும் தவறுகள்

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வண்டி ஓட்டி ஊர் காட்டுவதுதான் என் பிழைப்பு. லண்டன் மாப்பிள்ளை, டொராண்டோவில் பிறந்த பேரப்பிள்ளைகள், தாத்தா ஊரை முதல்முதலாகப் பார்க்க வருகிற குடும்பம் என்று ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். முதல் நாள் கூத்து மட்டும் மாறுவதில்லை. பாஸ்போர்ட் பத்திரம், கொதிக்க வைத்த தண்ணீர் என்பதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார். அதை விட்டுவிடுகிறேன்.

"வழியிலதானே இருக்கு"

இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

திருநெல்வேலிக்கென்று விமான நிலையம் கிடையாது. பக்கத்தில் வாகைக்குளத்தில் இருக்கிற தூத்துக்குடி நிலையத்துக்கு உள்நாட்டு விமானங்கள்தான் வருகின்றன. அதனால் திருவனந்தபுரத்தில் இறங்கி, கார் பிடித்து வருகிறவர்கள் நிறைய. வளைகுடா வழியாக வரும் விமானங்கள் பலவும் விடிவதற்கு முன்னால் இறங்கும். பெட்டிகளை ஏற்றி முடித்து வண்டியை எடுத்ததும், முன் சீட்டில் இருப்பவர் போனில் மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே ஆரம்பிப்பார்: "அண்ணாச்சி, நாகர்கோவில் வழியாத்தானே போறோம்? அங்கேருந்து கன்னியாகுமரி 20 கிலோமீட்டர்தான். சூரிய உதயம் பாத்துட்டு, அப்படியே கடற்கரை ரோட்டுல உவரி, திருச்செந்தூர். மத்தியானம் நெல்லை போயிரலாம்லா?"

மேப்பில் போகலாம்தான். ஆனால் விடிவதற்குள் குமரி முனையைப் பிடிக்க என்னை விரட்ட வேண்டும். "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும். போய்ச் சேரும்போது சூரியன் மேலே ஏறியிருக்கும், இல்லாவிட்டால் மேகம் மூடியிருக்கும். ஒரு போட்டோ. பிள்ளைகள் வண்டியை விட்டு இறங்கவே மாட்டார்கள். உவரி வரும்போது பாதிப் பேர் வாயைப் பிளந்து தூங்குவார்கள். திருச்செந்தூரில் வரிசையில் நிற்கும்போது யாராவது ஒருவருக்குத் தலை சுற்றும். இறங்கியதிலிருந்து வெறும் காபிதானே உள்ளே போயிருக்கிறது!

நெல்லை வந்து சேர மூன்று மணி ஆகிவிடும். "சும்மா கொஞ்சம் கண் அசந்துக்கிடுதோம்" என்று படுப்பார்கள். எழுந்திருக்கும்போது இரவு பத்து. ஊர் அடங்கியிருக்கும், பசி எடுக்கும், தூக்கம் திரும்ப வராது. மறுநாள் பகல் முழுக்கப் படுக்கை. அவ்வளவுதான், சோலி முடிஞ்சது. உடம்புக் கடிகாரம் சுமாராக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் நகரும். டொராண்டோவுக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். பத்து நாள் லீவில் வந்தவர் முதல் நாளைக் கோட்டைவிட்டால் பாதி லீவு அதோடு போய்விடும். துபாய்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வித்தியாசம் ஒன்றரை மணிதான், விட்ட தூக்கத்தைத் தூங்கினால் சரியாகிவிடும்.

இதில் யாரும் நினைக்காத ஆள் டிரைவர். உங்களை அழைக்க நான் முந்தின ராத்திரியே நெல்லையிலிருந்து கிளம்பியிருப்பேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முகத்தில் அடிக்கும்வரை விழிப்பு இருக்கும். அப்புறம் நான்கு வழிச்சாலை நேராகப் போகும், பின்னால் எல்லாரும் குறட்டை. ஒருமுறை உதயம் பார்த்த கையோடு திருச்செந்தூரை நானே வெட்டிவிட்டு வள்ளியூர்ப் பக்கம் திருப்பினேன். ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி, "அரை மணி நேரம் தூங்கினாத்தான் வண்டிய எடுப்பேன்" என்றேன். வீட்டுப் பெரியவருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. சுருங்கட்டும்.

நேராக நெல்லைக்கு வாருங்கள். ஓட்டல் அறை மத்தியானம்தான் கிடைக்கும் என்றால் முந்தின இரவிலிருந்தே கணக்குப் போட்டு எடுத்துவிடுங்கள். அந்தக் காசில் கஞ்சத்தனம் வேண்டாம். குளித்து, அலாரம் வைத்து ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து, பகல் வெளிச்சத்தில் வெளியே வாருங்கள்.

டவுண், ஜங்ஷன், பாளை

"திருநெல்வேலியில் ரூம் போட்டிருக்கேன்" என்றால் எனக்கு ஒன்றும் விளங்காது. நெல்லையப்பர் கோயிலும் இருட்டுக்கடை என்கிற அல்வாக் கடையும் டவுணில். ரயில் நிலையம் ஜங்ஷனில். வெளியூர் பஸ்கள் நிற்கும் புதிய பேருந்து நிலையம் வேய்ந்தான்குளத்தில். பாளையங்கோட்டை ஆற்றுக்கு அந்தப் பக்கம். எல்லாம் ஒரே மாநகராட்சிதான், ஆனால் சாயங்காலம் பாலத்தில் மாட்டிக்கொண்டால் தூரம் தெரியும். புக் செய்வதற்கு முன்னால் எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.

நடுப்பகலில் கோயில்

நடை சாத்தியிருக்கும். திறந்திருந்தாலும் வெறுங்காலோடு அந்தக் கல்லில் ஓட வேண்டியிருக்கும். நாலரை மணி வாக்கில் போங்கள். நெல்லையப்பர் சன்னதியையும் காந்திமதி அம்மன் சன்னதியையும் இணைக்கிற சங்கிலி மண்டபம் நீளமானது, நிழலானது. தூக்கக் கலக்கத்தில் இருக்கிற உடம்புக்கு அங்கே மெதுவாக நடப்பது நல்லது. மணி மண்டபத்தில் ஒரே கல்லில் கொத்துக் கொத்தாகச் செதுக்கிய இசைத் தூண்கள் இருக்கின்றன. தட்டிப் பார்க்கச் சாவியையோ காசையோ எடுக்காதீர்கள்.

வெளியே வந்தால் எதிரிலேயே இருட்டுக்கடை. மாலை ஐந்து, ஐந்தரைக்குத்தான் திறப்பார்கள், சீக்கிரமே தீர்ந்தும் போகும்.

அல்வா

நூறு கிராம். போதும்.

சொந்தக்காரர் வீடு

சித்தப்பா வீட்டில் காலை வைத்தால் அத்தை வீட்டுக்கும் போயாக வேண்டும். இல்லையென்றால் கல்யாணம்வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் காபி, முறுக்கு, "ஒரு தோசை மட்டும்". முதல் நாள் எந்த வீட்டுக்கும் போகாமல் இருப்பதுதான் தப்பிக்க ஒரே வழி. "நாளைக்கு வாறோம் மைனி" என்று போனில் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தங்குகிற வீட்டிலேயே சொதி, அதாவது தேங்காய்ப் பால் குழம்பு, வைத்தால் அது வேறு விஷயம், தாராளமாகச் சாப்பிடலாம். காரம் குறைவு. தேங்காய்ப் பால் கனத்துக்கு இஞ்சித் துவையல் கூடவே வரும்.

ஆற்றுக் குளியல்

முதல் நாள் வேண்டாம். குற்றாலமும் அப்படித்தான்.

மூணு மணி விழிப்பு

எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் மேற்கு நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்குக் கண் விழிக்கும். புரண்டு புரண்டு படுத்து போனைத் தடவாதீர்கள். குற்றாலத்துக்கு அதுதான் நல்ல நேரம். ஐந்துக்குக் கிளம்பினால் ஆலங்குளம், தென்காசி வழியாக ஒன்றரை மணி நேரத்துப் பாடு. சீசனில்கூட கூட்டம் சேர்வதற்கு முன்னால் அருவியில் நின்றுவிடலாம். டிரைவரிடம் முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவையுங்கள். மூன்று மணிக்கு போன் போட்டு எழுப்ப வேண்டாம்.