டெக்சாஸ் வீட்டு வரி: கணக்கு எங்கே உதைக்கிறது?

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. அதையெல்லாம் வீட்டு வரியில் வாங்கிவிடுவார்கள் என்ற பேச்சு வீடு தேடுகிற எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் அந்த வரி ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போடும்போது பலரும் விலையை ஒரே ஒரு சதவீதத்தால் பெருக்கிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். வரி போடுவது ஒரு அலுவலகம் அல்ல. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், கவுன்ட்டி, நகரம், கம்யூனிட்டி காலேஜ், சில இடங்களில் 'மட்' எனப்படும் தண்ணீர், கழிவுநீர் வாரியம் என ஒவ்வொன்றும் 100 டாலர் மதிப்புக்கு இத்தனை சென்ட் என்று தனித்தனியாக விதிக்கிறது. கணக்கையும் அப்படித்தான் வரிவரியாகப் போட வேண்டும்.

முதல் தவறு, விற்பவரின் பழைய பில்லை அப்படியே நம்புவது. விளம்பரத்தில் 'சென்ற ஆண்டு வரி' என்று போட்டிருப்பது அந்த மனிதருடைய வரி, வீட்டுடையது அல்ல. அவருக்கு 65 வயது தாண்டியிருந்தால் ஸ்கூல் வரிக்கு உச்சவரம்பு கட்டப்பட்டிருக்கும். அவர் நூறு சதவீத ஊனமுற்ற முன்னாள் ராணுவ வீரராக இருந்தால் பில் பூஜ்யமாகவே இருக்கலாம். பத்து வருடமாக அங்கேயே குடியிருந்தால் மதிப்பு சந்தை விலையைவிடக் கீழே அமுக்கப்பட்டிருக்கும். இந்தச் சலுகை எதுவும் வீட்டோடு சேர்ந்து உங்களுக்கு வராது. வீட்டு மதிப்பை நிர்ணயிக்கும் கவுன்ட்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் முகவரியைத் தட்டினால் 'மார்க்கெட் வேல்யூ' (சந்தை மதிப்பு), 'அப்ரைஸ்டு வேல்யூ' (வரிக்கு எடுத்துக்கொள்ளும் மதிப்பு) என்று இரண்டு எண்கள் தெரியும். இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் பழைய பில்லை மறந்துவிட்டு, மார்க்கெட் வேல்யூவிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது ஹோம்ஸ்டெட் எக்ஸம்ப்ஷன். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு 2023இல் 100,000 டாலராக இருந்த கழிவு, 2025 வரி ஆண்டிலிருந்து 140,000 டாலர். ஆனால் அந்தக் கழிவு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் வரிக்கு மட்டும். நகரமும் கவுன்ட்டியும் விரும்பினால் 20 சதவீதம் வரை தனியாகக் கழிவு தரலாம், தராமலும் இருக்கலாம்.

500,000 டாலர் மதிப்புள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். விகிதங்கள் (100 டாலர் மதிப்புக்கு இத்தனை டாலர்) உதாரணத்துக்குத்தான், உங்கள் முகவரிக்கு உரியதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கூல், 1.03: 140,000 கழித்து 360,000-க்கு 3,708 டாலர்
நகரம், 0.43: 15% கழித்து 425,000-க்கு 1,827.50
கவுன்ட்டி, 0.15: 5% கழித்து 475,000-க்கு 712.50
காலேஜ், 0.08: கழிவு இல்லை, 400
மட், 0.60: கழிவு இல்லை, 3,000
மொத்தம் 9,648 டாலர்

விகிதங்களை எல்லாம் கூட்டி 2.29 ஆக்கி, மொத்த மதிப்பிலிருந்து 140,000-ஐ ஒரேயடியாகக் கழித்துப் பெருக்கினால் 8,244 வரும். 1,404 டாலர் துண்டு விழுகிறது. மேலே பாருங்கள், அந்த மட் ஒன்றே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பெரும்பாலும் நகர எல்லைக்கு வெளியே, சில சமயம் உள்ளேயும், எழும்பும் புதுக் குடியிருப்புகளில் தெரு, குழாய், வடிகால் போட வாங்கிய கடனை அடைக்கத்தான் அது. கடன் தீரத் தீர விகிதம் குறையும், ஆனால் அதற்கு வருடங்கள் ஆகும். 'பிட்' (பப்ளிக் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட்) என்று இன்னொன்றும் உண்டு. அது பெரும்பாலும் மதிப்பைப் பார்க்காமல் மனைக்கு இவ்வளவு என்று விதிக்கப்படுவதால் வரி விகிதப் பட்டியலில் தென்படாது. எக்ஸம்ப்ஷனும் அதைத் தொடாது. மட், பிட் இரண்டுக்கும் தனி அறிவிப்புப் படிவம் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். கட்டுக் காகிதத்தோடு காகிதமாக அதையும் தள்ளிவிடாமல் படியுங்கள்.

புது வீடு வாங்குபவர்களுக்கு வேறொரு கண்ணி. மதிப்பு எடுக்கப்படுவது ஜனவரி 1 அன்று இருந்த நிலைக்கு. அன்று வெறும் மனையாக இருந்து, ஆகஸ்டில் நீங்கள் குடியேறினால், அந்த ஆண்டு பில் மனைக்கு மட்டும். மனை 110,000 டாலர் என்றால் 2.29 விகிதத்தில் 2,519, மாதம் 210. 'வரி ஒன்றும் அதிகமில்லையே' என்று தோன்றும். அந்த எண்ணை வைத்தே எஸ்க்ரோ (கடன் தவணையோடு சேர்த்து வரிக்காக லெண்டர் மாதாமாதம் பிடித்து வைக்கும் பணம்) கட்டினால், மறு ஆண்டு முழு வீட்டுக்கு 9,648 வந்து நிற்கும்போது 7,129 குறையும். புது வரிக்கு மாதம் 804, பழைய குறைக்கு மாதம் 594, ஆக 1,398. வட்டி விகிதம் மாறாமலே மாதத் தவணை எகிறுவது இப்படித்தான். முதல் நாளிலேயே முழு மதிப்புக்கு எஸ்க்ரோ பிடிக்கச் சொல்லி லெண்டரிடம் கேளுங்கள். மறுத்தால் அந்த வித்தியாசத்தைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

'ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வரம்பு வரிக்கு அல்ல, வரி விதிக்கும் மதிப்புக்கு. அதுவும் வாங்கியவுடன் கிடைக்காது. 2025இல் வாங்கினால் 2026 மதிப்பு எவ்வளவு வேண்டுமானாலும் ஏறலாம், 2027-லிருந்துதான் அணை. நீச்சல் குளம் போன்று புதிதாகக் கட்டுவதன் மதிப்பு வரம்புக்கு வெளியே.

எக்ஸம்ப்ஷன் தானாக வராது. படிவம் 50-114-ஐ அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டில் ஏப்ரல் 30-க்குள் கொடுங்கள். டிரைவர் லைசென்ஸில் புது வீட்டு முகவரி இருக்க வேண்டும். பழைய அபார்ட்மென்ட் முகவரியோடு அனுப்பித்தான் பலருக்குத் திரும்பி வருகிறது. அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை, எச்1பி-யில் இருப்பவரும் வாங்கலாம். கட்டணமும் இல்லை. பணம் கேட்டு அரசுக் கடிதம் மாதிரி தபாலில் வருவதைக் கிழித்துப் போடலாம்.

எஸ்க்ரோ இல்லாதவர்கள் வரி கட்டக் கடைசி நாள் ஜனவரி 31. பிப்ரவரி 1 ஆனால் 6 சதவீத அபராதமும் 1 சதவீத வட்டியும் ஏறும்.

மதிப்பு அதிகம் என்று தோன்றினால் மே 15-க்குள், அல்லது நோட்டீஸ் அனுப்பிய 30 நாளுக்குள், எது பிந்தியதோ அதற்குள் ஆட்சேபிக்கலாம். நீங்கள் வாங்கிய விலை அவர்கள் போட்ட மதிப்பைவிடக் குறைவாக இருந்தால் வீடு கைமாறும்போது கையெழுத்திட்ட குளோசிங் காகிதமே நல்ல ஆதாரம். அதிகமாக இருந்தால் அதை எடுத்து நீட்டாதீர்கள். விற்பனை விலையைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற சட்டம் டெக்சாஸில் இல்லை.