மைதா இல்லாம காலைல பீட்சா: காலிஃப்ளவர் பேஸ், மேல முட்டை

இட்லி, தோசை, பொங்கல்னு காலை டிபன் எல்லாமே அரிசிலயே போய் நிக்குற வீட்டுல, பேலியோ (தானியம், பருப்பு, சர்க்கரையைத் தவிர்க்கற உணவு முறை) ஆரம்பிச்சவங்களும் கோதுமை ஒத்துக்காதவங்களும் கொஞ்ச நாள்லயே ஆம்லெட் சலிச்சுப்போய் வேற என்னதான் சாப்பிடறதுன்னு கேக்க ஆரம்பிச்சுடுவாங்க. அவங்களுக்குத்தான் இது. மாவு பிசையற வேலையே கிடையாது, காலிஃப்ளவரைத் துருவி வேகவச்சுப் பிழிஞ்சு அதையே வட்டமா தட்டி பேக் பண்ணி பேஸ் ஆக்குறோம், மேல கொஞ்சம் காய், சீஸ், ரெண்டு முட்டை. ரெண்டு பேருக்கு வயிறு நிறைய டிபன் ஆயிடும். புதுசா செய்யறவங்களுக்கும் நல்லா வரும், ஆனா தண்ணி பிழியற இடத்துல மட்டும் சோம்பல் படவே கூடாது, இந்த பீட்சாவோட தலையெழுத்தே அங்கதான் இருக்கு.

தேவையானது: பூ மட்டும் அரை கிலோ வர்ற மாதிரி ஒரு காலிஃப்ளவர், பேஸுக்கு 1 முட்டை, மேல வைக்க 2 முட்டை, மொசரல்லா சீஸ் மொத்தம் 100 கிராம், பாதாம் பொடி 3 டேபிள்ஸ்பூன், மிளகுத்தூள், உப்பு, ஓமம் அரை டீஸ்பூன், அப்புறம் வெங்காயம், குடைமிளகாய், 2 பழுத்த தக்காளி, 2 பல் பூண்டு. பாதாம் விலை கட்டுப்படியாகலன்னா பொட்டுக்கடலையைப் பொடிச்சுப் போடலாம், அது பருப்பு வகை, தானியம் இல்ல, ஆனா பேலியோல இருக்கறவங்க பருப்பும் சாப்பிட மாட்டாங்க, அவங்களுக்கு பாதாம்தான் சரி.

வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. கோதுமை இல்லன்னா போதும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, பேலியோவுக்கு அது போதாது, அரிசி மாவு, கார்ன்ஃப்ளார், ராகி, கம்பு எல்லாமே தானியக் கணக்குதான். இதுல பல விஷயம் மறைஞ்சு வரும். பாக்கெட்ல துருவி வர்ற சீஸ்ல ஒட்டாம இருக்கறதுக்காக ஸ்டார்ச் சேர்த்திருப்பாங்க, அதனால கட்டியா வாங்கி வீட்ல துருவிக்கங்க. பாட்டில் பீட்சா சாஸ்லயும் அதே கதைதான், சர்க்கரையும் இருக்கும். கடைல கிடைக்கற கூட்டுப் பெருங்காயத்துல பெரும்பாலும் கோதுமை மாவு இல்லன்னா மைதா கலந்துதான் இருக்கும், சிலியாக் (கோதுமைல இருக்கற க்ளூட்டன்ங்கற புரதம் ஒத்துக்காத நோய்) உள்ளவங்க இந்த டப்பாவோட பின்பக்கத்தை அவசியம் படிக்கணும்.

சரி, வேலைக்கு வருவோம். காலிஃப்ளவர் வெள்ளையா, பூ நெருக்கமா, கைல எடுத்தா கனமா இருக்கணும். பெரிய பூவா உடைச்சு, உப்பும் மஞ்சளும் போட்ட வெதுவெதுப்பான தண்ணில பத்து நிமிஷம் போட்டா புழு இருந்தா வெளிய வந்துடும். எடுத்து துணில ஒத்தி நல்லா காயவிட்டு, மிக்ஸில பல்ஸ்ல விட்டு விட்டு ரெண்டு மூணு சுத்து சுத்துங்க, ரவை பதத்துக்கு வந்தா போதும். ஒரேடியா ஓட்டினா கூழாயிடும், கூழானதைப் பிழியவே முடியாது, துணி ஓட்டைலயே பிதுங்கி வந்துடும். மிக்ஸி மேல நம்பிக்கை இல்லன்னா கேரட் துருவில துருவிடுங்க.

இதை எண்ணெய் இல்லாம அகலமான கடாயில மிதமான தீல ஏழெட்டு நிமிஷம் கிளறி வேகவிடுங்க, மூடி போடாதீங்க, ஆவி வெளிய போகணும். மைக்ரோவேவ் இருந்தா அதுல அஞ்சாறு நிமிஷம். பச்சையாவே பிழியலாமேன்னு தோணும், காலிஃப்ளவர்ல நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல தண்ணிதான், பச்சையா இருக்கும்போது அது உள்ளயே பூட்டி வச்ச மாதிரி நிக்கும், சூடு பட்டு இளகினாதான் விட்டுக்கொடுக்கும்.

கை பொறுக்கற அளவுக்கு ஆறினதும் பழைய வேட்டித் துணில கொட்டி, நாலு முனையையும் சேர்த்து, முறுக்கிப் பிழிங்க. முதல்ல தண்ணி ஊத்தும், அப்புறம் சொட்டும், அப்புறம் நின்னுடுச்சுன்னு தோணும். அங்க நிறுத்தாதீங்க. துணியைப் பிரிச்சு உள்ள இருக்கறதை விரலால உதிர்த்துவிட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்ப முறுக்குங்க, இன்னும் வரும். ஒரு பிடி எடுத்து உள்ளங்கைல அழுத்தி உருட்டிப் பாருங்க, உருண்டை பிடிக்கணும், கைல ஈரம் படியக் கூடாது, அதுதான் பதம். கடாய்ல இருந்ததுல பாதி கூட இருக்காது, அது சரிதான், பயப்பட வேணாம். பிழிஞ்ச தண்ணியைக் கொட்டாதீங்க, சாம்பார்ல ஊத்திக்கலாம்.

இப்ப அதுல 1 முட்டை, பாதி சீஸ், பாதாம் பொடி, மிளகுத்தூள், கால் டீஸ்பூன் உப்பு, கைல கசக்கின ஓமம் சேர்த்துப் பிசைங்க. சீஸ்லயே உப்பு இருக்கு, அதனால அதுக்கு மேல வேணாம். ஓமத்துக்குக் காரணம் இருக்கு, பீட்சா மேல தூவற ஆரிகானோ இலையோட வாசனைல சேர்ந்த தைமால்ங்கற பொருள் ஓமத்துலயும் இருக்கு, அதனால தனியா ஆரிகானோ தேடி அலைய வேண்டியதில்ல. தொட்டில கற்பூரவல்லி இருந்தா ரெண்டே ரெண்டு இலை பொடியா நறுக்கிப் போடுங்க, கூடினா மருந்து வாசம் வந்துடும். மைதா பீட்சால மாவை இழுத்துப் பிடிக்கறது க்ளூட்டன், இங்க அது இல்ல, முட்டை வெந்து இறுகறதும் சீஸ் உருகி ஒட்டறதும்தான் பிடிமானம், அதனால இதை மாவு மாதிரி தேய்க்க முடியாது, தட்டத்தான் முடியும்.

ட்ரேல பட்டர் பேப்பர் போட்டு நெய் தடவி, வடை தட்டற மாதிரி விரலால அழுத்தி எட்டு ஒம்பது இஞ்ச் வட்டமா தட்டுங்க, அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம், ஓரம் மட்டும் கொஞ்சம் தடிமனா. அலுமினியம் ஃபாயில் வேணாம், ஒட்டிக்கும். ஓடிஜில, அதாவது வீட்டு மின்சார ஓவன்ல, மேல கீழ ரெண்டு ராடும் ஆன் பண்ணி 200 டிகிரில முன்னாடியே சூடாக்கி, எதுவும் வைக்காம வெறும் பேஸை மட்டும் 20ல இருந்து 25 நிமிஷம். மேல பொன்னிறம் வந்து ஓரம் பழுப்பாகற வரைக்கும் விடுங்க. வெளுத்த பேஸ் மேல டாப்பிங் போட்டா கடைசி வரை நொளநொளன்னுதான் இருக்கும்.

பேஸ் உள்ள இருக்கும்போதே தக்காளியும் பூண்டும் பொடியா நறுக்கி ஒரு ஸ்பூன் எண்ணெய்ல தொக்கு பதத்துக்குச் சுண்ட வச்சுடுங்க. வெங்காயம், குடைமிளகாயையும் ஒரு வதக்கு வதக்கிடுங்க, காளான் போடறதா இருந்தா அதை நல்லாவே வதக்கணும், அது விடற தண்ணி கொஞ்சநஞ்சம் இல்ல.

பேஸ் மேல தொக்கைத் தடவி, காயைப் பரப்பி, மீதி சீஸைத் தூவி, நடுவுல ரெண்டு குழி மாதிரி விடுங்க. முட்டையை நேரா உடைக்காம ஒரு கிண்ணத்துல உடைச்சு மெதுவா அந்தக் குழில சரிச்சு விட்டா மஞ்சக்கரு உடையாது, வெள்ளையும் ஓரத்துக்கு ஓடாது. திரும்ப 8ல இருந்து 10 நிமிஷம். வெள்ளை முழுசா இறுகி, மஞ்சக்கரு லேசா ஆடினா எடுத்துடலாம், குழந்தைகளுக்கும் கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் மஞ்சக்கருவும் கெட்டியாகற வரைக்கும் விடுங்க. எடுத்ததும் வெட்டாதீங்க, அஞ்சு நிமிஷம் பொறுத்தா சீஸ் இறுகி துண்டு முழுசா கைல வரும்.

ஓவன் இல்லாதவங்களுக்கு கனமான தோசைக்கல்லே போதும். நெய் தடவி, ஆறின கல்லுலயே தட்டி, சிம்ல வச்சு மூடாம 10 நிமிஷத்துக்கு மேல விடுங்க. கீழ சிவந்ததும் ஒரு தட்டைக் கவுத்து வச்சு, கல்லோட திருப்பி, மறுபக்கம் கல்லுல சறுக்கி விட்டு அஞ்சாறு நிமிஷம். அதுக்கப்புறம் டாப்பிங், முட்டை எல்லாம் வச்சு இப்பதான் மூடணும், மேல இருந்து சூடு வராததால மூடி போட்டாதான் முட்டை வேகும். மேல் பக்கம் ஓவன்ல வர்ற அளவுக்கு சிவக்காது, ருசில குறையில்ல.

சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க டிபன்ல திடீர்னு மாவுச்சத்தை இவ்வளவு குறைச்சா சுகர் இறங்கிடலாம், டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க.

வேலை நாள்ல காலைல இவ்வளவும் முடியாதுன்னா முந்தின நாள் ராத்திரியே பேஸை சுட்டு ஆறவச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க, ரெண்டு மூணு நாள் தாங்கும். நாலஞ்சு சேர்த்துச் செஞ்சா நடுநடுவுல பட்டர் பேப்பர் வச்சு ஃப்ரீஸர்ல போடலாம். எடுக்கும்போது மைக்ரோவேவ்ல வைக்காதீங்க, திரும்ப ஈரமாயிடும், தோசைக்கல்லுல ரெண்டு பக்கமும் ஒரு சூடு காட்டிட்டு மேல டாப்பிங் வைங்க.