வேலூர் வெயிலில் முகச் சுருக்கத்தைத் தள்ளிப்போட: மாய்ஸ்சரைசர் போடும் முறை, முதல் நாளிலிருந்து

என் அப்பா ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பதனிட்ட தோலை அப்படியே காயவிட்டால் பலகை மாதிரி விறைத்துக்கொள்ளும், மடித்தால் மடித்த இடத்தில் கோடு விழுந்துவிடும் என்பார். அதனால் காயப்போடுவதற்கு முன்பே, தோலில் ஈரம் இருக்கும்போதே, டிரம்மில் சுற்றவிட்டு எண்ணெய் ஏற்றுவார்கள். முகத்துக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். ‘ஈரம் இருக்கும்போதே’ என்பதில்தான் பாதி வித்தை இருக்கிறது.

ஆரம்பிக்கும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முகத்தில் விழும் கோடுகள் இரண்டு வகை. தோல் வறண்டு போவதால் கண் ஓரத்திலும் உதட்டைச் சுற்றியும் விழும் மெல்லிய கோடுகள் ஒரு வகை. மாய்ஸ்சரைசர் போட்டால் இவை சில நாளிலேயே மங்கும். இன்னொன்று, வெயில் தோலுக்குள் இறங்கி, உள்ளே தாங்கிப் பிடித்திருக்கும் கொலாஜன் என்ற புரதத்தைச் சிதைப்பதால் வரும் ஆழமான சுருக்கம். இதை எந்த மாய்ஸ்சரைசரும் அழிக்காது. வராமல் தள்ளிப்போடத்தான் முடியும். நம் ஊரை ‘வெயிலூர்’ என்று சும்மா சொல்வதில்லை. அதனால் இங்கே இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

படி 1: முகம் கழுவுதல்

காட்பாடி, சத்துவாச்சாரி என்று பல வீடுகளில் போர் தண்ணிதான். உப்புத் தண்ணியில் சோப்பு போட்டால் சரியாகப் போகாமல் தோலில் படிந்து நிற்கும். அம்மா ஒரு நாள் குளியலறையிலிருந்து வந்தவுடன் சொன்னார்: “முகத்த கழுவினா வெயில்ல காயவச்ச அப்பளம் மாதிரி இழுக்குதுடி.” அந்த இழுப்புதான் அடையாளம். தோலில் இயல்பாக இருக்கும் எண்ணெயைச் சோப்பு வழித்து எடுத்துவிட்டது என்று அர்த்தம்.

குளிக்கிற சோப்பை முகத்துக்கு விட்டுவிடுங்கள். இரவில் மட்டும் மென்மையான ஃபேஸ்வாஷ், காலையில் வெறும் தண்ணீர் போதும். வெந்நீர் வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒத்தி எடுங்கள். கையால் தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும் ஈரம் முகத்தில் மிச்சம் இருக்க வேண்டும்.

படி 2: எதை வாங்குவது

விலையையும் டப்பாவின் அழகையும் பார்க்காதீர்கள். பின்பக்கம் உள்ள பொருள் பட்டியலைப் படியுங்கள். அதிகம் உள்ளது முதலில் வரும். கிளிசரின் அல்லது ஹயலுரானிக் ஆசிட் தண்ணீரைப் பிடித்து வைக்கும். செராமைடு தோலின் சுவரில் விழுந்த ஓட்டையை அடைக்கும். பெட்ரோலியம் ஜெல்லியும் டைமெத்திகோனும் மேலே மூடிபோல நின்று ஈரம் ஆவியாகாமல் காக்கும்.

வறண்ட முகம் என்றால் கெட்டியான க்ரீம். எண்ணெய் வழியும் முகம், பரு வரும் முகம் என்றால் தண்ணியாக இருக்கும் ஜெல். எண்ணெய் முகத்துக்கு மாய்ஸ்சரைசரே தேவையில்லை என்று நினைப்பது தவறு. தேங்காய் எண்ணெய் உடம்புக்கு நல்லதுதான். பரு வரும் முகத்தில் அது துவாரத்தை அடைத்துவிடும்.

நான்கு நாளில் வெளுப்பாக்கும் என்று கையில் திணிக்கப்படும் க்ரீமைத் தொடவே தொடாதீர்கள். பெட்டமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் சொல்லாமல் போட்டுவந்தால் தோல் மெலிந்து, சிவந்து, சின்ன ரத்தக்குழாய்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கும். மனம் தாங்காமல்தான் இதை எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன்.

வாங்கியதை உடனே முகத்தில் போடாமல், முழங்கை மடிப்பின் உள்பக்கம் தொடர்ந்து சில நாள் போட்டுப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் வேண்டாம்.

படி 3: போடும் முறை

கழுவிய இரண்டு மூன்று நிமிடத்துக்குள் போட்டுவிடுங்கள். நம் ஊர் மே மாதக் காற்றில் ஈரம் இருக்காது. அந்தக் காற்றில் காய்ந்த முகத்தின் மேல் கிளிசரினை மட்டும் பூசினால், வெளியே ஈரம் கிடைக்காமல் தோலுக்குள் இருப்பதையே அது இழுக்கப் பார்க்கும். ஈர முகத்தில் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

பட்டாணி அளவு க்ரீம் எடுத்து நெற்றி, இரு கன்னம், மோவாய், கழுத்து என்று ஐந்து புள்ளி வையுங்கள். உள்ளேயிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகப் பரப்புங்கள். கண்ணைச் சுற்றி மோதிர விரலால் தட்டித் தட்டிப் போடுங்கள். அந்த விரல்தான் குறைவாக அழுத்தும். கழுத்தை மறந்துவிடாதீர்கள்.

படி 4: பகலில் சன்ஸ்கிரீன்

என் சித்தப்பா வேலூர்–திருப்பத்தூர் ரூட்டில் பஸ் ஓட்டியவர். அவருடைய வலது கன்னத்தையும் இடது கன்னத்தையும் பார்த்தால் இரண்டு வேறு ஆளுடையது மாதிரி இருக்கும். ஜன்னல் பக்கம் இருந்த வலது கன்னம் முழுக்க ஆழமான கோடு. 2012ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் பத்திரிகையில் 28 வருடம் வண்டி ஓட்டிய 69 வயது டிரைவரின் படம் வந்தது. அவர் முகத்தில் இடது பக்கம் அப்படி இருந்தது, அவர் வண்டியில் டிரைவர் சீட் இடது பக்கம் என்பதால். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில், சுருக்கத்தை உண்டாக்கும் யூவிஏ வகைக் கதிர் கண்ணாடி வழியாகவும் வரும்.

தினமும் சன்ஸ்கிரீன் போட்டால் உண்மையிலேயே பலன் உண்டா? ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நாலரை வருடம் கவனித்தார்கள். புறங்கைத் தோலை அச்செடுத்துப் பார்த்ததில், தோன்றியபோது மட்டும் போட்டவர்களைவிட, தினமும் போட்டவர்களுக்கு முதுமைத் தடம் 24 சதவீதம் குறைவு. முடிவு 2013ல் வெளியானது.

எஸ்பிஎஃப் (தோலைச் சுடும் கதிரைத் தடுக்கும் அளவு) 30க்குக் குறையாமல், பிஏ+++ (யூவிஏ கதிரைத் தடுக்கும் அளவு) என்று போட்டிருப்பதாக வாங்குங்கள். மாய்ஸ்சரைசர் போட்டு ஐந்து நிமிடம் கழித்து, ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டின் நீளத்துக்கும் பிழிந்து முகம் கழுத்தெல்லாம் போடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுப் பூசினால் அட்டையில் சொன்ன பாதுகாப்பு கிடைக்காது. வெளியே போக கால் மணி நேரம் முன்பு போட வேண்டும். வெயிலிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும். வண்டியில் போகிறவர்கள் துப்பட்டா, தொப்பி, ஹெல்மெட் கண்ணாடி எதையும் விட வேண்டாம்.

படி 5: இரவில்

முகம் கழுவி அதே மாய்ஸ்சரைசர். மார்கழிப் பனியில் உதடும் மூக்கு ஓரமும் வெடித்தால் மேலே துளி பெட்ரோலியம் ஜெல்லி. வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினால் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஏற்கெனவே விழுந்த கோட்டையும் ஓரளவு குறைக்கக்கூடியது அது. ஆனால் முதல் இரண்டு மாதம் மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் பழகிய பிறகு, வாரம் இரண்டு இரவு மட்டும் ஆரம்பியுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் போடக்கூடாது.

கடைசியாக ஒரு விஷயம், இது என் சொந்த நஷ்டம். போன மே மாதம் சன்ஸ்கிரீன் டியூபை ஸ்கூட்டர் டிக்கியிலேயே விட்டுவிட்டேன். மதியம் பிழிந்தால் தண்ணியும் கட்டியுமாகத் தனித்தனியே வந்தது. சூட்டில் பிரிந்த சன்ஸ்கிரீன் காக்காது, குப்பையில்தான் போட்டேன். இப்போது அது கைப்பையில், தண்ணி பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.