கடலோரப் பள்ளிக்கு வரும் மானியம்: எண்ணிக்கை முதல் ரசீது வரை

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு வரும் பள்ளி மானியம் தலைக்கணக்கைப் பொறுத்தது. 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். 30-க்கும் 31-க்கும் இடையே 15,000 ரூபாய் வித்தியாசம் என்பதால், எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடு) பதிவைச் சரிபார்ப்பதுதான் தலைமை ஆசிரியரின் முதல் வேலை. மூக்கையூர், தங்கச்சிமடம், தொண்டி போன்ற ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களில் தொழிலுக்காகக் குடும்பங்கள் இடம் மாறும். வந்து சேர்ந்த பிள்ளையைப் பழைய பள்ளி தன் கணக்கிலிருந்து எமிஸின் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்காவிட்டால், அவன் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் உங்கள் கணக்கில் வரமாட்டான். செப்டம்பர் 30-க்குள் இதை முடித்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கில் பணம் தெரியவில்லையே என்று பதற வேண்டாம். அது பூஜ்ய இருப்புக் கணக்கு. உங்களுக்கு வருவது செலவு வரம்பு, அதாவது இவ்வளவு வரை செலவழிக்கலாம் என்ற அனுமதி மட்டும்தான். மார்ச் 31 தாண்டினால் மிச்ச வரம்பு போய்விடும். இந்தத் திட்டத்தில் ஒன்றிய அரசு, மாநில அரசு பங்கு 60:40. 2024-25-ல் ஒன்றியப் பங்கு வராமல் நின்றதை எல்லோரும் பார்த்தோம். ஆகவே வரம்பு வருமுன் கடையில் கடன் சொல்லி வாங்காதீர்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத் தேதி ரசீதுத் தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். தணிக்கையில் அதிகம் மாட்டுவது இதில்தான். தீர்மான எண்ணை ரசீதின் மேல் எழுதி, பொருளை அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பணம் கடைக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போவதால், அவர் பெயர் பாஸ்புக்கில் உள்ளபடியே இருக்கட்டும். பழைய பாண்டியன் கிராம வங்கிப் பாஸ்புக்கைக் காட்டினால், 2019-ல் அது தமிழ்நாடு கிராம வங்கி ஆகிவிட்டதால் இப்போதைய ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பணம் திரும்பி வரும்.

மானியத்தில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. உப்புக் காற்றும் உவர் நீரும் உள்ள ஊரில் அது போதாது. 25 சதவீதம் வைத்தாலும் தப்பில்லை. கழிப்பறைக்குப் பி.வி.சி. கதவு, பிளாஸ்டிக் குழாய், அலுமினியத் தாழ்ப்பாள் போடுங்கள். இரும்புத் தாழ்ப்பாள் மலிவுதான், ஆனால் துருப்பிடித்து இறுகிவிட்டால் பிள்ளை உள்ளே சிக்கிக்கொள்ளும். ஃபிளஷ் தொட்டியின் வால்வை உப்புப் படிவு அடைத்துவிடும் என்பதால் உதிரி வால்வு இரண்டு கையிருப்பில் இருக்கட்டும். பிளீச்சிங் பவுடரை ஆண்டுக்கும் சேர்த்து மூட்டையாக வாங்கினால் ஈரக்காற்றில் வீரியம் இழந்து வெறும் சுண்ணாம்புப் பொடியாகிவிடும். மாதாமாதம் கொஞ்சமாக வாங்குங்கள். அதோடு ஆசிட்டைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

கூரையின் அடிப்பூச்சு உதிர்ந்து கம்பி தெரிந்தால் இந்த மானியத்தில் சிமென்ட் பூசி மறைக்காதீர்கள். துரு ஊதிப் புதுப் பூச்சையும் தள்ளிவிடும், அதற்குள் கம்பி இன்னும் மெலிந்திருக்கும். அந்த வகுப்பைப் பூட்டிவிட்டு, படத்தோடு ஊராட்சி ஒன்றியப் பொறியாளருக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் எழுதுங்கள். ஓட்டை ஒழுகல், வடிகால் அடைப்பு போன்ற சில்லறை வேலைகளை வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே முடிக்கலாம்.

விளையாட்டு மானியம் தனி: தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000. அதை இதோடு கலந்து ஒரே ரசீதில் வாங்கக் கூடாது. பள்ளி மானியத்தின் இரண்டாம் தவணை மார்ச்சில் வந்து விழுவதும் உண்டு. என்ன வாங்குவது என்ற தீர்மானமும் விலைப்புள்ளிகளும் ஜனவரியிலேயே தயாராக இருந்தால், வரம்பு வந்த வாரமே செலவை முடித்துப் பயன்பாட்டுச் சான்றிதழை வட்டார வள மையத்தில் கொடுத்துவிடலாம்.