சேர்வர் மணிக்கூடு பிழைத்தால் எங்கே பார்ப்பது, எப்படித் திருத்துவது

பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் கைபேசியில் வரும் ஆறு இலக்க எண்ணை லொகின் பக்கம் ஏற்கவில்லை. அமேசான் எஸ்-3க்கு (இணையவழிக் கோப்புச் சேமிப்புச் சேவை) அனுப்பும் கோப்புகள் மறுக்கப்படுகின்றன. மென்பொருள் அப்டேட் செய்யப் போனால் 'கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று வருகிறது. தொடர்பில்லாத இப்படியான கோளாறுகள் ஒரே நாளில் சேர்ந்து வந்தால், புரோகிராம் கோடைத் தோண்டுவதற்கு முன் சேர்வரின் மணிக்கூட்டைப் பாருங்கள். அந்த ஆறு இலக்க எண் 30 செக்கனுக்கு ஒருமுறை மாறுவது. எஸ்-3 15 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுத்துவிடும். கெர்பரோஸ் (நிறுவன வலையமைப்பில் பயனரை அடையாளம் காணும் முறை) வழக்கமாக 5 நிமிடம் வரைதான் பொறுக்கும்.

எதையும் மாற்றுவதற்கு முன், எவ்வளவு பிழை என்று அளந்து எழுதிவையுங்கள். பிழையின் அளவே அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். (கட்டளைகள் லினக்ஸ் சேர்வருக்கானவை, அவற்றை இங்கே ஒலிப்புப்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

முதலில் 'டேட் -யூ'. இது யூ-டி-சி என்ற உலகப் பொது நேரத்தைக் காட்டும். கொழும்பில் பிற்பகல் 2.45 என்றால் அங்கே 9.15 இருக்கவேண்டும். வெளியிலிருந்து பார்க்க 'கேர்ள் -ஐ' (சி-யூ-ஆர்-எல், பெரிய எழுத்து ஐ) என்பதைத் தள முகவரியோடு கொடுத்து, பதிலில் வரும் டேட் வரியை வாசிக்கலாம். அந்த வரி எப்போதும் ஜி-எம்-டி நேரத்தில்தான் வரும், அதனால் ஐந்தரை மணித்தியாலம் பின்னால் இருப்பதைப் பிழையென்று எண்ணவேண்டாம். தளத்துக்கு முன்னால் சி-டி-என் (பக்கங்களின் நகலை வைத்துப் பரிமாறும் இடைச் சேவை) இருந்தால் நீங்கள் பார்ப்பது சி-டி-என்னின் நேரமாக இருக்கலாம். அப்போது சேர்வரின் ஐ-பி முகவரிக்கே நேராகக் கேளுங்கள்.

யூ-டி-சி சரி, உள்ளூர் நேரம் பிழை

இது நேர வலயச் சிக்கல். நேர ஒத்திசைவை (நேர சேர்வர்களைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்வதை) தொடவே தேவையில்லை. கொழும்பு நிறுவனங்களின் தளங்கள் பல சிங்கப்பூரில் உள்ள கிளவுட்டில் ஓடுகின்றன. சரியாக 2.30 மணித்தியாலம் கூடுதலாகக் காட்டினால், சேர்வர் சிங்கப்பூர் வலயத்தில் இருக்கிறது. சரியாக 5.30 குறைவென்றால் யூ-டி-சியில் இருக்கிறது. அதை அப்படியே விட்டு, திரையில் காட்டும்போது மட்டும் கொழும்பு நேரத்துக்கு மாற்றுவதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. வலயத்தை மாற்றத்தான் வேண்டுமென்றால் 'டைம்டேட்-சி-டி-எல் செட்-டைம்சோன் ஆசியா/கொலம்போ'. மாற்றிய கையோடு குரோனையும் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் சேவை) மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டும் வலயத்தைத் தொடங்கும்போது வாசித்து வைத்துக்கொள்பவை. பி-எச்-பிக்குத் தனி வலய அமைப்பு உண்டு, ஜாவாவுக்குத் தன் சொந்த வலயத் தரவே உண்டு.

அரை மணித்தியாலம் பிழைப்பது நம் நாட்டுக்கே உரிய சிக்கல். இலங்கை 1996 மே மாதம் +6.30க்குப் போனது, அதே வருடம் ஒக்டோபரில் +6.00க்கு வந்தது, 2006 ஏப்ரல் 15 அன்றுதான் +5.30க்குத் திரும்பியது. 2006க்கு முந்திய வலயத் தரவோடு இன்னும் ஓடும் பழைய கருவி அரை மணித்தியாலம் முந்திக் காட்டும். வலயத் தரவுப் பொதியைப் புதுப்பித்தால் அது தீரும்.

பழைய பதிவுகளில்தான் ஆபத்து அதிகம். 10.03.2001 என்ற பிறந்த திகதியை 'கொழும்பு நள்ளிரவு' என்று எடுத்து யூ-டி-சியில் சேமித்தால், அன்றைய +6.00இன்படி சேமிப்பில் இருப்பது 09.03.2001, 18.00. அதை வாசிக்கும் நிரல் 5.30ஐ மட்டும் கூட்டினால் திரையில் வருவது 09.03.2001, 23.30. பிறந்தநாள் ஒரு நாள் முந்திவிட்டது! தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த வருடமும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதும் இருப்பதால், அதோடு ஒப்பிட்டால் பிழை உடனே பிடிபடும். ஆகவே 5.30 என்ற எண்ணைக் கோடில் எழுதாதீர்கள், ஆசியா/கொலம்போ என்ற பெயரையே பயன்படுத்துங்கள். ஆசியா/கொல்கத்தா இன்றைக்கு அதே நேரத்தைத்தான் காட்டும். ஆனால் அந்தப் பத்து வருடத்துக்கு அது பொருந்தாது.

யூ-டி-சியே பிழை

'டைம்டேட்-சி-டி-எல்' கொடுத்து, சிஸ்டம் கடிகாரம் ஒத்திசைந்துள்ளதா என்ற வரியைப் பாருங்கள். 'நோ' என்றிருந்தால் நேரத்தைக் கவனிக்கும் சேவை எது என்று கண்டுபிடியுங்கள். குரோனி, என்-டி-பி-டி, டைம்சிங்க்-டி மூன்றில் ஒன்று மட்டும் ஓடவேண்டும். இரண்டு ஓடினால் ஒன்று திருத்துவதை மற்றது கலைக்கும். வி-எம்மில் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) ஓடும் வி-எம்வேர் டூல்ஸின் நேர ஒத்திசைவும் இந்தக் கணக்கில் சேரும். கொன்டெய்னருக்குள் இந்த வேலையெல்லாம் வேண்டாம், அது தன்னைத் தாங்கும் ஹோஸ்ட் கணினியின் கடிகாரத்தைத்தான் பார்க்கிறது.

குரோனி என்றால் 'குரோனி-சி சோர்சஸ்' கொடுங்கள். ஒவ்வொரு வரியின் முன்னாலும் ஒரு குறி இருக்கும். ^* என்பது இப்போது பின்பற்றும் மூலம் (நேரம் கேட்கும் சேர்வர்), ^+ அதோடு சேர்த்துக் கணக்கிடும் மூலம், ^x மற்றவற்றோடு முரண்படுவது, ^? பதில் வராதது அல்லது இன்னும் போதிய அளவீடு கிடைக்காதது. அடுத்து ரீச் என்ற செங்குத்து வரிசை. கடைசி எட்டுக் கேள்விகளில் எவற்றுக்குப் பதில் வந்தது என்பதை எட்டின் அடிமான எண்ணாக அது காட்டும். சேவை தொடங்கியதும் 1, 3, 7, 17, 37, 77, 177 என்று ஏறி 377இல் நின்றால் எட்டும் வந்திருக்கிறது. 0 என்றால் ஒன்றும் வரவில்லை.

எல்லாம் 0 என்றால் 'டி-சி-பி-டம்ப் -என் யூ-டி-பி போர்ட் 123' ஓடவிட்டு, இன்னொரு ஜன்னலில் குரோனியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பக்கெட் (அனுப்பும் தரவுத் துண்டு) வெளியே போகவே இல்லையென்றால் பெயர் முகவரியாக மாறவில்லை, அல்லது சேர்வரின் சொந்த ஃபயர்வோல் மறிக்கிறது. போகிறது, பதில் வரவில்லையென்றால் தடை வெளியே இருக்கிறது. அங்கே பலரும் தவறவிடும் ஒன்று: என்-டி-பி-டி அனுப்பும் பக்கத்திலும் 123ஆம் போர்ட்டையே (இணைப்பு வாசலின் எண்) பயன்படுத்தும், குரோனி ஏதோ ஒரு போர்ட்டிலிருந்து அனுப்பும். இரு பக்கமும் 123 என்று விதி எழுதப்பட்ட ஃபயர்வோலில் என்-டி-பி-டி ஓடும், குரோனிக்கு மாறிய அன்றே நேர ஒத்திசைவு நின்றுவிடும். பெறும் போர்ட் 123, அனுப்பும் போர்ட் எதுவும் ஆகலாம் என்று விதியைத் திருத்துங்கள்.

சில வரிகள் மட்டும் 0, அவை ஐ-பி-வி-6 (புதிய வகை நீண்ட ஐ-பி) முகவரிகள் என்றால் உங்கள் இணைப்பில் ஐ-பி-வி-6 சரியாக ஓடவில்லை. பூல் (பொது நேர சேர்வர்களின் தொகுப்பு) பெயர்களில் 2 என்று தொடங்குபவைதான் அந்த முகவரிகளைத் தருகின்றன.

மூலங்கள் குறைந்தது நான்கு வையுங்கள். இரண்டு முரண்பட்டால் எது பொய் சொல்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கூகுளின் நேர சேர்வர்கள் லீப் செக்கனை (எப்போதாவது யூ-டி-சியில் கூட்டப்படும் ஒரு செக்கன்) பல மணித்தியாலங்களுக்குப் பரப்பிக் கொடுப்பவை, அவற்றை மற்றவையோடு கலக்கவேண்டாம்.

திருத்தும் விதம்

அவசரப்பட்டு நேரத்தைத் தள்ளிவிடாதீர்கள். கடிகாரம் பின்னோக்கிக் குதித்தால் பதிவுகளின் வரிசை குழம்பும், முடிந்த குரோன் வேலை இரண்டாம் முறை ஓடக்கூடும். முன்னோக்கிக் குதித்தால் லொகின் அமர்வுகள் காலாவதியாகும்.

என்-டி-பி-டி மெதுவாக நகர்த்தும்போது செக்கனுக்கு அரை மில்லிசெக்கன்தான் திருத்தும். ஒரு நிமிடப் பிழைக்கு 33 மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். குரோனி லினக்ஸில் ஒரு செக்கனை ஏறத்தாழ 12 செக்கனில் நகர்த்தும், ஒரு நிமிடத்துக்கு 12 நிமிடம் போதும். சில நிமிடப் பிழை வரைக்கும் குரோனியை அதன் போக்கில் விடுங்கள். அதற்கு மேலென்றால் தளத்தையும் டேட்டாபேஸையும் நிறுத்தி, 'குரோனி-சி மேக்ஸ்டெப்' (மேக், ஸ்டெப் இரண்டும் சேர்ந்த சொல்; நேரத்தை ஒரேயடியாகக் குதிக்கவைக்கும்) கொடுத்து, பிறகு தொடங்குங்கள். அமைப்பில் 'மேக்ஸ்டெப் 1 3' என்றிருந்தால், ஒரு செக்கனுக்கு மேற்பட்ட பிழையை முதல் மூன்று அளவீட்டில் மட்டுமே அது குதித்துத் திருத்தும். சஸ்பென்ட் செய்து மீட்ட வி-எம் பிந்தியே நிற்பதற்கு இதுதான் காரணம். என்-டி-பி-டியோ 1000 செக்கனைத் தாண்டிய பிழையைக் கண்டால் வேலையை விட்டே நின்றுவிடும். '-ஜி' சேர்த்துத் தொடங்கினால் ஒருமுறை அனுமதிக்கும்.

பிழை பல வருடங்கள் என்றால், அலுவலகத்தில் வைத்திருக்கும் சேர்வரில் மெயின்போர்ட் பற்றரி செத்திருக்கும். மின்வெட்டுக்குப் பிறகு யூ-பி-எஸ்ஸும் இறங்கி, சேர்வர் திரும்ப எழும்போது இது தெரியவரும். திகதி அவ்வளவு பிழைத்தால் டி-என்-எஸ்-செக் (இணையப் பெயருக்கான முகவரி உண்மையானதா என்று உறுதிப்படுத்தும் முறை) கையெழுத்துகள் செல்லாது என்று பெயர்களைத் தேடுவதே தோற்கும். நேர சேர்வரின் பெயர் கிடைக்காததால் நேரமும் திருந்தாது. 'டேட் -எஸ்' கொடுத்து ஒருமுறை கையால் கிட்டத்தட்டச் சரியாக வையுங்கள், மீதியைக் குரோனி பார்த்துக்கொள்ளும். பிறகு 'எச்-டபிள்யூ-கிளொக் --சிஸ்டோஎச்சி' கொடுத்து, அந்த நேரத்தை மெயின்போர்ட் கடிகாரத்திலும் எழுதுங்கள்.

பல மெயின்போர்ட்களுக்கு வேண்டிய பற்றரி சி-ஆர் 2032, மூன்று வோல்ட். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் எந்தக் கணினிக் கடையிலும் கேட்கலாம். மீட்டரில் அளக்கும்போது மூன்று வோல்ட்டிலிருந்து நன்றாகக் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். புதியதைப் போட்டபின் பயோஸில் கொழும்பு நேரத்தை இடாதீர்கள், யூ-டி-சி நேரத்தை இடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் குரோனி திருத்தும் வரை சேர்வர் ஐந்தரை மணித்தியாலம் முந்தியே எழும்பும்.